கழிப்பறைத் தொட்டி நிரம்பும் வரைதான் விடுமுறை: கேரவனில் ஆறு வருடம்

கேரவன் என்றாலே படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் உட்காரும் குளுகுளு வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எங்களுடையது அது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, ஒற்றை அச்சுள்ள சின்ன வண்டி. நான்கு பேர் படுக்கலாம். ஐந்தாவதாக ஓர் ஆள் வந்தால் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்கினோம். இப்போது ஆறு வருடம் ஆகிறது. வருடத்துக்கு நான்கைந்து முறையாவது நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கிளம்பிவிடுவோம்.

நாங்கள் போவது பெரும்பாலும் எந்த வசதியும் இல்லாத கிராமத்து முகாம்களுக்கு. ஒரு புல்வெளி, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டியைக் கொட்ட ஓர் இடம். அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது. ராத்திரியில் ஒரு விளக்குகூடக் கண்ணில் படாது. அதற்காகத்தான் போகிறோம் என்றாலும், அங்கே வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது மின்இணைப்பு உள்ள முகாமில் தங்கியவர்களுக்குத் தெரியவே தெரியாது. வாங்கிய புதிதில் எங்களுக்கும் தெரியவில்லை.

இப்படி ஓர் இடத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது பேட்டரியைப் பற்றி. ஆறு வருடத்தில் பேட்டரி தீர்ந்ததால் நாங்கள் கிளம்பியது ஒரே ஒரு முறை. கழிப்பறை நிரம்பியதால் முழித்துக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனையோ. கணக்கு எளிதுதான். வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உருவியெடுக்கும் தொட்டி, எங்கள் வண்டியில் 18 லிட்டர் பிடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் சிறுநீர் என்று வையுங்கள், நான்கு பேருக்கு ஆறு லிட்டர். அதன்மேல் ஒவ்வொரு முறையும் அலசிவிடும் தண்ணீர். பிள்ளைகள் பொத்தானை விளையாட்டாக அழுத்தினால் இன்னும் இரண்டு மூன்று லிட்டர். இரண்டாம் நாள் சாயங்காலம் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அதனால் ஒரு முகாமைப் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் கேட்பது, கொட்டும் இடம் எங்கள் வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான். நிரம்பிய தொட்டி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். சக்கரம் வைத்த தொட்டி என்று பெருமையாகச் சொல்வார்கள்; அந்தச் சக்கரம் ஈரப் புல்லில் உருளாது.

தொட்டியில் ஊற்றும் மருந்து விஷயத்திலும் ஒரு பாடம் படித்தோம். வழக்கமான நீல மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். கிராமத்து முகாம்களில் கழிவு போய்ச் சேருவது பெரும்பாலும் செப்டிக் டேங்கில். அந்தத் தொட்டிக்குள் கழிவைத் தின்று கரைக்கும் நுண்ணுயிரிகளை இந்த மருந்து கொன்றுவிடும். இடத்துக்காரர் ஒருவர் எங்கள் கையில் இருந்த நீலப் புட்டியைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதற்கப்புறம் செப்டிக் டேங்குக்கு ஒத்துப்போகும் பச்சை வகை மட்டும்தான். வெயில் காலத்தில் அது சற்று முன்னதாகவே வாசனை காட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வருடம் இரண்டாவது தொட்டி ஒன்று வாங்கினோம். வண்டிக்கென்று நாங்கள் வாங்கிய பொருட்களில் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

தண்ணீரில் பெரிய சிக்கல் இல்லை. தரையில் உருட்டிக்கொண்டு வரும் 40 லிட்டர் பீப்பாய் ஒன்று இருக்கிறது. குளியல் என்று பேச்செடுக்காமல் முகம் கை கால் கழுவி, சிக்கனமாகப் பாத்திரம் தேய்த்தால் ஒரு நாளைக்கு ஒரு பீப்பாய் போதும். வண்டியில் குளியல் அறை இருக்கிறது. நாங்கள் அதில் ஈரச் செருப்பும் மழைக்கோட்டும்தான் வைக்கிறோம். பாத்திரம் தேய்த்த தண்ணீர் வண்டிக்கு அடியில் உள்ள கழிவுநீர்த் தொட்டியில் சேரும். இரவில் அதைப் பார்க்க மறந்தால் காலையில் வாசற்படிக்குக் கீழே சேறாகிவிடும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். வாங்கியபோது இருந்தது 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. நூறு என்று ஒட்டியிருந்தால் நூறும் நமக்கு என்று நினைத்திருந்தோம். பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் கரைந்துவிடும், ஆக நம் கைக்கு வருவது ஐம்பதுதான். எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர் பம்பு, நான்கு பேரின் கைப்பேசி, குளிர் காலத்தில் ஹீட்டரின் விசிறி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 வரை ஆகிறது. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாளைக்குப் பயமில்லை. மூன்றாம் நாள் வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் ஓடாமல், சார்ஜும் ஏறாமல் சற்று நேரம் விட்டு அளந்தால் 12.7 காட்டும் பேட்டரி நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி காலி. பம்பு ஓடும்போது அளந்துவிட்டு அவர் ஒருமுறை பதறியது தனிக்கதை.

அப்புறம் கூரையில் 100 வாட் சோலார் பலகை போட்டோம். நல்ல கோடை நாளில் செலவழித்ததை எல்லாம் திருப்பித் தந்துவிடும். மேகம் மூடிய நாளில் கைப்பேசிக்குக் கொடுத்தால் பெரிது. இதில் யாரும் சொல்லித் தராத ஒன்று, மர நிழல். பலகையில் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தாலும், அந்த மூலையின் அளவுக்கு மட்டுமில்லாமல் அதைவிட எவ்வளவோ அதிகமாக உற்பத்தி படுத்துவிடும், ஏனென்றால் உள்ளே செல்கள் சங்கிலியாக ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. எங்களுக்கு நிழல் வேண்டும், பலகைக்கு வெயில் வேண்டும். மரத்தடியில் வண்டியைப் போடுவதா கூடாதா என்று ஒவ்வொரு முகாமிலும் இறங்கியவுடன் நடக்கும் விவாதம் இப்போது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. மடக்கி வைக்கும் பலகை ஒன்றை நீள ஒயருடன் வாங்கி வெயிலில் சாய்த்து வைத்த பிறகு அது ஓரளவு அடங்கியிருக்கிறது.

ஈய பேட்டரி நான்காம் வருடம் உயிரை விட்டது. எங்கள் தப்புதான், மழைக்காலம் முழுக்கச் சார்ஜ் போடாமல் நிறுத்தி வைத்திருந்தோம். இப்போது இருப்பது லித்தியம் வகை. பாதி எடை, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயமில்லாமல் எடுக்கலாம். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உறைபனி விழும் இடங்களுக்குப் போகிறவர்கள் அதைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி என்றால் சார்ஜரும் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடுங்கள்.

குளிர் என்றதும் கேஸ் ஞாபகம் வருகிறது. வாங்கிய முதல் வருடம், விடியற்காலை, புல்லெல்லாம் வெள்ளை. அடுப்பைப் பற்றவைத்தால் தீபம் மாதிரி ஒரு சுடர் நடுங்கி அணைகிறது. உருளையை அசைத்துப் பார்த்தால் உள்ளே திரவம் தளும்புகிறது. தீரவில்லை, ஆனால் வரவும் இல்லை. எங்களிடம் இருந்தது பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். வருடம் முழுக்கப் போகிறவர்களுக்குப் புரொப்பேன்தான் சரி. இதையும் சொல்லிவிடுகிறேன்: குளிருக்கு அடக்கமாக இருக்கிறதே என்று கரி அடுப்பை வண்டிக்குள்ளோ, வண்டியோடு ஒட்டிக் கட்டும் முன்கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள், அணைந்து சாம்பல் பூத்திருந்தாலும் சரி. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் வாயு, அதற்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் எங்கள் படுக்கை அருகே இருக்கிறது. கிளம்பும் முன் சின்னவள் அதன் பொத்தானை அழுத்திக் கத்தவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

குளிர்பெட்டியும் அங்கே கேஸில்தான் ஓடும். வண்டி சாய்ந்து நின்றால் அது ஒழுங்காகக் குளிராது, உள்ளே அம்மோனியா கலவை தானாக வழிந்து சுற்றிவர வேண்டிய அமைப்பு அது. அதனால் ரசமட்டம் இல்லாமல் நாங்கள் எங்கும் வண்டியைப் போடுவதில்லை. முதலில் காரோடு மாட்டியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுக்கட்டையில் ஏற்றி, இடம் வலம் சமன் செய்துவிட வேண்டும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அப்புறம் காரைக் கழற்றி, முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தைச் சுற்றி முன் பின் சமன். கடைசியில்தான் நான்கு மூலைக் கால்கள். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், தூக்குவதற்கு இல்லை. முதல் பயணத்தில் அவர் அவற்றைச் சுற்றியே வண்டியைத் தூக்கப் பார்த்தார். ஒரு கால் இன்றைக்கும் கொஞ்சம் கோணல்.

சரி, எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம். உள்ளே இடம் கிடைக்கட்டும் என்று முன்கூடாரத்தின் கம்பி மூட்டை, மடக்கு நாற்காலிகள், நிரப்பிய தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் வண்டியின் பின்கோடியில் அடுக்கியிருந்தோம். அகலமான சாலை, இறக்கம். பக்கத்தில் ஒரு லாரி வேகமாகக் கடந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், வண்டியின் இடது ஓரம் தெரிகிறது, அடுத்த நொடி வலது ஓரம் தெரிகிறது, மறுபடி இடது. வண்டி வாலாட்ட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. பின் இருக்கையில் பேச்சு நின்றுவிட்டது. நல்லவேளை, பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எதிர்த்து ஒடிக்காமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். நான்கைந்து ஆட்டத்தில் அடங்கியது. ஓரம் கட்டி நிறுத்தினோம், யாரும் இறங்கவில்லை.

பின்கோடியில் கனம் ஏறினால் கொக்கியின் மேல் விழும் எடை குறைந்துவிடும், வண்டி ஊஞ்சலாகிவிடும். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே தரையோடு தரையாக, இலேசானது மேல் அலமாரியில், பின்கோடியில் கூடியவரை ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே பீப்பாயைக் காலியாகத்தான் கொண்டுபோகிறோம். கொக்கியில் எவ்வளவு எடை விழலாம் என்பது காரின் கையேட்டிலும் கொக்கியின் தகட்டிலும் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதை அளக்கிறோம், அளக்கும் கருவி கைக்கு அடக்கமானதுதான்.

முன்பதிவு செய்யும் முன் நான் தொலைபேசியில் பேசிவிடுவேன். படங்களை நம்புவதில்லை. மழை பெய்தால் நிலம் எப்படி இருக்கும், வாசல் எவ்வளவு அகலம், கடைசிப் பாதையில் எந்தப் பக்கமாக வர வேண்டும். மூன்றும் தெரிந்தால் போதும். வழிகாட்டிச் செயலி ஒன்று எங்களை ஒருமுறை இருபக்கமும் வேலி உரசும் சந்துக்குள் அனுப்பி, எதிரே டிராக்டர் வந்து, பின்னோக்கியே வெளியே வந்தோம். கேரவனைப் பின்னோக்கி ஓட்டுவது எப்படி என்று அன்றைக்கு முழுசாகக் கற்றுக்கொண்டார். இடத்துக்காரர் சொல்லும் வழிதான் வழி. புல்வெளியில் தாழ்வான மூலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், மழைத் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

ஆறு வருடத் தேய்மானத்தில் பெரிய எதிரி ஓதம். ஜன்னல் ரப்பரிலும் கூரை ஓரத்து இணைப்பிலும் கசியும் நீர் சுவருக்குள் இறங்கிவிட்டால் வெளியே தெரியாது. ஐந்தாம் வருடம் படுக்கைக்கு அடியில் இருந்த பலகையை அழுத்தினேன், விரல் உள்ளே போனது. அந்த வருடப் பராமரிப்புக்கு விட்டிருந்த பட்டறையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்போது ஓதம் அளக்கும் கருவியோடு வருடத்துக்கு இரண்டு முறை நானே சுற்றி வருகிறேன். டயரும் அப்படித்தான். பட்டன் தேயாது, ஏனென்றால் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது; ஆனால் ரப்பர் வயதாகி வெடிக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் கணக்கில் ஆறு வருடம் தாண்டினால் மாற்றிவிடுவது.

அத்தை ஒரு முறை வந்தார். முதல் ராத்திரி, "இதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமேம்மா" என்றார். மறுநாள் விடியும் முன் வாசற்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுப்பிவிடாதே என்று எனக்குக் கையைக் காட்டினார். அடுத்த முறை வருகிறீர்களா என்று கேட்டதற்கு, கழிப்பறையை ராத்திரியில் அலசிவிட அனுமதி உண்டா என்று கேட்கிறார். இரண்டாவது தொட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து பேர் என்றால் மூன்று நாளைக்கு அதுவும் இழுபறிதான். மூன்றாம் நாள் மதியம் கொட்டிவிட்டு வர யார் போவது என்று பிள்ளைகள் இப்போதே சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். என் கணவர் பெயர்தான் வந்தது.