849 ரூபாய் பெட்டியும் அண்ணாச்சி கடை வாஷரும்

சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்து 17 நாள் கழித்துத்தான் இந்தக் குழாய் ரிப்பேர் சாமான் பெட்டியை வாங்கினேன். எங்கள் பிளம்பர் தங்கமான மனுஷன், வேலையும் சுத்தம். ஆனால் "நாளைக்குக் காலையில வரேன்க்கா" என்று அவர் சொல்லும் நாளை எந்தக் கிழமையிலும் வராது. ஒரு நாள் ராத்திரி 10 மணிக்குக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன். காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தால் அரை வாளி. மேற்குத் தாம்பரத்தில் கோடையானால் லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஆன்லைனில் 849 ரூபாய். 'வீட்டுக் குழாய் வேலைக்கு 40 சாமான்' என்று போட்டிருந்தார்கள். அந்த 40-இல் 22, குழாய்க்குள் தண்ணீரை அடைக்கும் சின்ன வட்ட வாஷர் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. மிச்சத்தில் கசியாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் 12 சுருள், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அடைப்பை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர் ஒன்று, அடைப்பு எடுக்க ஒரு பிளாஸ்டிக் முள் பட்டை, ஒரு ஜோடி கையுறை. கையுறை என் கைக்குச் சேரவில்லை, விடுங்கள்.

ஸ்பேனரிலிருந்து தொடங்குகிறேன். வாயை அகட்டிக் குறுக்கும் திருகில் ஆட்டம் இருக்கிறது. நட்டைப் பிடித்து அழுத்தினால் வாய் தானாக ஒரு நூல் விரிந்துகொள்கிறது. முதல் திருப்பிலேயே நழுவி, பளபளவென்றிருந்த குழாயின் கழுத்தில் கோடு போட்டுவிட்டது. அப்புறம் மாமனார் காலத்து இரும்பு ஸ்பேனரைப் பரணிலிருந்து இறக்கி, துருவைத் துடைத்துவிட்டு வேலை செய்தேன். அது நழுவவில்லை.

மாடி டேங்க்கின் கேட் வால்வை மூடி, கீழே வாசல் குழாயைத் திறந்து பைப்பில் நின்ற தண்ணீரை வடிய விட்டேன். சொட்டும் குழாயையும் பாதி திறந்து வைத்துவிட்டுத்தான் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும். மூடிய நிலையில் கழற்றினால் ஸ்பிண்டில், அதாவது நடுத்தண்டு, அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். திரும்ப மாட்டும்போதும் அப்படியே. இது பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளில் இல்லை, ஹார்டுவேர்ஸ் கடை அண்ணாச்சி சொன்னது.

வெளியே வந்த வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம், நகத்தால் கீறினால் உதிர்கிறது. போர் தண்ணீர் உப்பு வேறு வெள்ளையாகப் படிந்திருந்தது. பெட்டியில் இருந்த 22 வாஷரையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இன்னொன்று விட்டம் சரி ஆனால் தோசை மாதிரி மெலிசு. எங்கள் வீட்டு அரை இஞ்ச் குழாய்க்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

தெருமுனை ஹார்டுவேர்ஸ் கடைக்கு அந்தப் பழைய வாஷரைத் தாளில் மடித்துக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார், டப்பாவில் கைவிட்டார், புதுசு ஒன்றை அதன் மேல் வைத்துக் காட்டினார். 10 ரூபாய். "அளவு கேக்காதீங்கம்மா, பழசக் கொண்டாங்க" என்றார். குழாய் சாமான் வாங்குவதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அன்றைக்கு நின்ற சொட்டு, நாலு மாதமாக இல்லை.

டெஃப்லான் டேப் பற்றி. பாத்ரூம் குழாயையே மாற்றியபோது, மரையில் டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். குழாயைத் திருகத் திருக டேப் பிரிந்து சேமியா மாதிரி வெளியே தொங்கியது. மரையின் முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். அப்போதுதான் குழாயைத் திருகும்போது டேப் இறுகும். பெட்டியில் வந்த டேப் மெலிசு, இழுத்தால் அறுந்து போகிறது. பத்துச் சுற்றுக்கும் கசிந்தது. கடையில் வாங்கிய கெட்டியான சுருளில் ஏழெட்டுச் சுற்று போதுமாக இருந்தது. ஒரு நல்ல சுருள் எனக்கு வருஷக்கணக்கில் வரும். 12 எதற்கு?

பிளஞ்சர் பரவாயில்லை. ஆனால் சிங்க்கில் அதை அழுத்தும் முன், மேலே தண்ணீர் வழிந்துபோக இருக்கும் ஓட்டையை ஈரத்துணியால் அடைக்காவிட்டால் காற்று அந்த வழியே ஓடிவிடும், அடைப்பு அசையாது. எங்கள் வீட்டில் துணி வைத்து அழுத்தியும் அசையவில்லை. கீழே வாளி வைத்து, சிங்க்குக்கு அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, கூடவே கத்தரித்துப் போட்ட பால் பாக்கெட் மூலைகள் ஒன்பது. எண்ணிப் பார்த்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். காலைக் காபி அவர் பொறுப்பு.

இந்த அடைப்புக்கு ஆசிட் ஊற்றச் சொன்னவர்கள் உண்டு. நான் ஊற்றுவதில்லை. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக உள்ள பாத்ரூமில் அது விளையாட்டில்லை.

பெட்டியில் உருப்படியானது என்றால் அந்த முள் பட்டைதான். அரை மீட்டர் நீளம், இரண்டு ஓரத்திலும் மீன் முள் மாதிரி. பாத்ரூம் தரை ஜாலியைத் தூக்கி, உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தேன். எனக்கும் என் மகளுக்குமாகச் சேர்ந்த முடி ஒரு சவுரி அளவுக்கு வந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனால் கணுக்கால் வரை நின்ற தண்ணீர் கடகடவென்று இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

ஃபிளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்கப் பெட்டியில் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. டேங்க்கில் சொட்டு நீலம் நாலு துளி விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

சுவருக்குள் போகும் பைப், கீசர், மோட்டார் பக்கம் நான் கை வைப்பதில்லை. அதற்குப் பிளம்பர் எத்தனை நாளானாலும் வரட்டும்.

பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் முள் பட்டைக்காக. போன வாரம் கடையில் அதே பட்டை கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தேன், ஒன்று 40 ரூபாய். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்றேன்.

"நீங்க வாஷர்தானம்மா கேட்டீங்க" என்றார்.