டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா: விமானமா, ஷின்கான்சென்னா?

ஜப்பான் பயணத் திட்டத்தில் டோக்கியோ, கியோட்டோவுக்கு அடுத்து பலரும் எழுதி வைப்பது ஹிரோஷிமா. வரைபடத்தைத் திறந்து பார்த்தபிறகுதான் தயக்கம் வரும். ரயில் பாதைக் கணக்கில் டோக்கியோவிலிருந்து 894 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தை ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் போவதா, பேசாமல் ஃப்ளைட் பிடித்துவிடலாமா? இணையத்தில் தேடினால் ‘விமானம் ஒன்றரை மணி நேரம், ரயில் நான்கு மணி நேரம்’ என்று ஒரு வரி கிடைக்கும். இரண்டு எண்ணும் சரிதான், ஆனால் அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

காரணம் ஹிரோஷிமா விமான நிலையம் இருக்கும் இடம். பெயரில்தான் ஹிரோஷிமா, அது நிற்பதோ கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, மிஹாரா நகர எல்லைக்குள், கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமேட்டில். பழைய விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே, கடலோரமாக இருந்தது. ஓடுபாதை குட்டை, நீட்ட இடமில்லை, அதனால் 1993இல் புதியதை மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழையது சிறிய விமானங்களை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓடி, 2012இல் மூடப்பட்டு ஹெலிகாப்டர் தளமாகிவிட்டது. புதிய நிலையத்துக்கு ரயில் இணைப்பு கிடையாது. இறங்கினால் பஸ்தான். ஹிரோஷிமா ரயில் நிலையத்துக்கு 45 முதல் 55 நிமிடம், கட்டணம் சுமார் 1,500 யென். சான்யோ நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் அந்த நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இதை முழுசாகக் கூட்டிப் பார்ப்போம். டோக்கியோ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள், காலை 8 மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹமாமட்சுசோ போய் மோனோரயில் பிடித்து ஹனேடா விமான நிலையம் சேர 8.40 ஆகும். ஜப்பான் உள்நாட்டு விமானங்களில் நம்மூர் மாதிரி இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டியதில்லை. புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியிருந்தால் போதும், தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையிலேயே எடுத்துப் போகலாம், ஒரு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் 9.30 விமானத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம். 11 மணி வாக்கில் இறங்கி, பெல்ட்டில் பெட்டி வரும்வரை நின்று, வெளியே இயந்திரத்தில் பஸ் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று ஏறினால் நகரத்துக்குள் நுழையும்போது 12.15 ஆகியிருக்கும். ரயிலில் போகிறவர் அதே 8 மணிக்குக் கிளம்பி 8.30 நொஸோமியில் (இந்தப் பாதையின் வேகமான ஷின்கான்சென் வண்டி) ஏறினால் 12.20க்கும் 12.30க்கும் நடுவில் ஹிரோஷிமா பிளாட்ஃபார்மில் நிற்பார். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் விமானக்காரருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் லாபம், அதுவும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் போய்விடும்.

ஒரு விஷயத்தை விமானத்தின் பக்கம் நின்று சொல்லியாக வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஹிரோஷிமா பஸ் சென்டருக்கும் நேரடிப் பேருந்து உண்டு. பஸ் சென்டரிலிருந்து அணுகுண்டு நினைவு மாடம் நடந்தே போகிற தூரம்தான். ரயிலில் வருபவர் ஸ்டேஷனிலிருந்து டிராம் பிடித்துக் கால் மணி நேரம் போக வேண்டும். உங்கள் ஹோட்டல் அமைதிப் பூங்கா பக்கம் என்றால் இந்த வித்தியாசம் கணக்கில் வரும்.

நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாகிவிட்டது. அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? என்னைக் கேட்டால், அந்த நான்கு மணி நேரம் உங்களுக்கு எப்படிக் கழிகிறது என்பதை வைத்து. விமானத்தில் அது ஆறேழு துண்டாக உடைகிறது: ரயில், மோனோரயில், சோதனை, காத்திருப்பு, பறப்பது, பெட்டிக்கு நிற்பது, பஸ். பறக்கும் நேரத்திலும் மேலே ஏறி, காபி கொடுத்து, கோப்பையை வாங்குவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். ரயிலில் ஒரே இருக்கையில் நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. தூங்கலாம், வேலை செய்யலாம், சார்ஜ் போடலாம், காலை நீட்டலாம். ஷின்கான்சென்னின் சாதாரண வகுப்பிலேயே முழங்கால் இடம் விமானத்தைவிட நன்றாக இருக்கும்.

ஃபூஜி மலை பார்க்க வேண்டுமானால் ஹிரோஷிமா போகும்போது வலப்பக்கம், ‘E’ எழுத்துள்ள ஜன்னல் சீட். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், ஷின்-ஃபூஜி ஸ்டேஷனைக் கடக்கும் சமயம், வானம் திறந்திருந்தால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஜன்னலை நிறைத்துக்கொண்டு நிற்கும், சில நிமிடம்தான். விமானத்திலும் பெரும்பாலும் வலப்பக்கம் தெரியும், மேலிருந்து பார்க்கும் அழகு வேறு. ஆனால் ஷின்-கோபேக்கு அப்புறம் ரயிலில் இயற்கைக் காட்சியை எதிர்பார்க்காதீர்கள். பாதையில் பாதியளவு சுரங்கம். செட்டோ உள்கடல் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படுவது அபூர்வம்.

சாப்பாடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டோக்கியோ-ஒசாகா இடையிலான தோகைதோ பாதையில் சாதாரண வகுப்புக்குள் வந்துகொண்டிருந்த தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள், ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். டோக்கியோ ஸ்டேஷனுக்குள் பெட்டிச் சாப்பாட்டுக் கடைகளில் நாடு முழுவதிலிருந்தும் வந்த ரகங்கள் குவிந்திருக்கும், எதை எடுப்பது என்று தெரியாமல் ரயிலை விட்டுவிடும் அளவுக்கு. சைவக்காரர்களுக்கு அங்கே பெரிய நம்பிக்கை வேண்டாம். காய்கறி மட்டும் தெரிகிற பெட்டியிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஊமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, வாழைப்பழம், தயிர் என்று ஸ்டேஷன் கடையில் வாங்கிக்கொள்வதுதான் உத்தமம்.

சரி, காசு. ஷின்கான்சென் கட்டணம் கிட்டத்தட்ட நிலையானது. நொஸோமியில் முன்பதிவு இருக்கை ஒருவழிக்கு 20,000 யென்னுக்குச் சற்றுக் குறைவு. சீசனைப் பொறுத்துச் சில நூறு யென் கூடும் குறையும், அவ்வளவுதான், நேற்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் பெரிய மாற்றமில்லை. ஸ்மார்ட்இஎக்ஸ் செயலியில் முன்கூட்டியே எடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. விமானம் நேர் எதிர். ஒன்றிரண்டு மாதம் முன்பே எடுத்தால் 10,000 முதல் 15,000 யென்னுக்குள் கிடைப்பது சகஜம், கடைசி நேரத்தில் போனால் 30,000 யென்னையும் தாண்டும். பஸ், மோனோரயிலுக்கு 2,000 யென் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி உறுதியாக இருந்தால் விமானத்தில் காசு மிச்சம், திட்டம் ஆடிக்கொண்டிருந்தால் ரயில். ரயிலைத் தவறவிட்டாலும் சாதாரணக் கட்டண டிக்கெட் என்றால் அன்றைக்கே அடுத்து வரும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். மலிவு விமான டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வாங்கினால் எல்லாம் இலவசம் என்று பழைய பதிவுகளில் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோ-ஹிரோஷிமா போய்வரவே 40,000 யென்தான் ஆகிறது என்னும்போது இந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் எடுப்பதில் அர்த்தமில்லை. போதாததற்கு, பாஸ் வைத்துக்கொண்டு நொஸோமியில் ஏற ஹிரோஷிமா வரை 6,500 யென் தனியாகக் கட்ட வேண்டும். கட்ட மனமில்லையென்றால் நொஸோமியைவிட மெதுவான ஹிகாரி ரயிலில் ஏறி வழியில் சகுரா ரயிலுக்கு மாறலாம், ஐந்து மணி நேரம் பிடிக்கும். அந்த இடத்தில் விமானம் நிஜமாகவே முந்திவிடுகிறது.

குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் வயது. ஷின்கான்சென்னில் 6 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை எடுக்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தை வரை. 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம். விமானத்தில் 3 வயதானாலே சீட் வாங்கியாக வேண்டும். நான்கு வயதுக் குழந்தையோடு போகும் தம்பதிக்கு இந்த ஒரு விதியே கணக்கைத் தலைகீழாக்கிவிடும், நான்கு மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால்.

லக்கேஜில் இரண்டுக்கும் குறைநிறை உண்டு. பெரிய உள்நாட்டு விமான நிறுவனங்களில் 20 கிலோ இலவசம், பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். ரயிலில் நீள அகல உயரத்தைக் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் வந்தால் அதற்கென்று இருக்கும் இருக்கையை, பெட்டியின் கடைசி வரிசையை, முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணமில்லை, ஆனால் பதிவு செய்யாமல் தூக்கிக்கொண்டு ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். நாம் வழக்கமாகக் கொண்டுபோகும் பெரிய சூட்கேஸ் இந்த 160ஐ ஒட்டித்தான் வரும், வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

விமானம் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதலாவது, ஹனேடாவில் வெளிநாட்டு விமானத்தில் வந்து இறங்கி அன்றைக்கே ஹிரோஷிமா போக வேண்டியவர்கள். டிக்கெட் எடுக்கும்போதே ஹிரோஷிமா வரை ஒரே டிக்கெட்டாகத் தேடிப் பாருங்கள், டோக்கியோ வரைக்குமான விலைக்கும் அதற்கும் வித்தியாசம் சில சமயம் மிகக் குறைவாக இருக்கும். ஆனால் கொழும்பிலிருந்து நேராக வருவது போல டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான நரிட்டாவில் இறங்குபவர்கள், உள்நாட்டு விமானத்துக்காக ஹனேடாவுக்கு ஊர் தாண்டிப் போகும் வேலையே வேண்டாம். நரிட்டா எக்ஸ்பிரஸ்ஸில் டோக்கியோ ஸ்டேஷன் வந்து நொஸோமி ஏறிவிடுங்கள். கடைசி நொஸோமி இரவு 8 மணி வாக்கில் கிளம்பிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும், நள்ளிரவுக்கு மேல் காலை 6 மணி வரை ஷின்கான்சென் ஓடுவதில்லை.

இரண்டாவது, ஹிரோஷிமா நகரத்தை விட்டு மாவட்டத்தின் கிழக்கே போகிறவர்கள். சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் ஊரான சைஜோவோ மிஹாராவோ ஒனோமிச்சியோ போக வேண்டுமானால், தள்ளியிருக்கிறது என்று நாம் திட்டுகிற அதே விமான நிலையம் பக்கத்தில் வந்துவிடுகிறது. மூன்றாவது, மியாஜிமா தீவுக்கே நேராகப் போகிறவர்கள். இவர்கள் ஹிரோஷிமா விமானத்தைப் பார்க்காமல் இவாகுனி விமானத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைத் தளத்தோடு ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த நிலையத்தில் 2012 டிசம்பரில் பயணிகள் சேவை தொடங்கியது. ஹனேடாவிலிருந்து ஏஎன்ஏ நிறுவன விமானம் போகிறது. நிலையத்திலிருந்து இவாகுனி ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம்கூட ஆகாது, அங்கிருந்து சாதாரண ரயிலில் அரை மணிக்குள் மியாஜிமாகுச்சி, அதற்கப்புறம் பத்து நிமிடப் படகு. ஹிரோஷிமா நகரத்துக்குக்கூட இந்த வழி மோசமில்லை, விமான எண்ணிக்கைதான் குறைவு.

டோக்கியோவே திட்டத்தில் இல்லையென்றால் ஃபுகுவோகாவைப் பாருங்கள். அங்கே விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவில் ஐந்தே நிமிடத்தில் ஹகாடா ஸ்டேஷன், அங்கிருந்து நொஸோமியில் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் ஹிரோஷிமா, சுமார் 9,000 யென். சிங்கப்பூரிலிருந்து ஃபுகுவோகாவுக்கு நேரடி விமானம் இருப்பதால் நம்மவர்களுக்கு இது வசதி. டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, ஹிரோஷிமா என்று ரயிலில் மேற்கே போய், ஃபுகுவோகாவிலிருந்து ஊர் திரும்புவது என் கணக்கில் ஆகச் சிறந்த திட்டம், வந்த வழியே 894 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை, ரயில்தான். 17,000 யென்னுக்கு 5 நாள் கான்சாய்-ஹிரோஷிமா பாஸ் இருக்கிறது, அதில் நொஸோமியும் சேர்த்தி.

தட்பவெப்பம் விஷயத்தில் இரண்டையும் நம்ப முடியாது. மலைமேல் இருப்பதால் ஹிரோஷிமா விமான நிலையத்துக்கு மூடுபனித் தொல்லை பழைய கதை, இறங்க உதவும் கருவிகளை மேம்படுத்திய பிறகு பெரிதும் குறைந்தது. ரயிலுக்குக் குளிர்காலத்தில் செகிகஹாரா பக்கம் பனி கொட்டினால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள், பத்து இருபது நிமிடம் தாமதமாகும். புயல் வந்தால் இரண்டும் நிற்கும். ரயில் நிறுவனங்கள் முந்தின நாளே அறிவித்துவிட்டு நிறுத்துவது வழக்கம் என்பதால் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இந்தக் கணக்கை வேறு ஊருக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஒகயாமாவுக்கு ரயிலில் மூன்றேகால் மணி நேரம்தான், விமானத்தை நினைக்க வேண்டாம். 2015இல் ஷின்கான்சென் போய்ச் சேர்ந்த கனஸாவாவுக்கும் அதே தீர்ப்பு. ஃபுகுவோகாவுக்கு விமானம். மட்சுயாமாவுக்கும் விமானம், ஷிகோகு தீவில் ஷின்கான்சென்னே கிடையாது.

கடைசியாக ஒன்று, தேதி. ஏப்ரல் கடைசி - மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் முன்னோர் வழிபாட்டு விழாவான ஓபோன், புத்தாண்டு, இந்த மூன்று சமயங்களிலும் நொஸோமி முழுக்க முன்பதிவு வண்டியாகிவிடும், நான் மேலே சொன்ன முன்பதிவில்லாப் பெட்டி அப்போது கிடையாது. ரயில் டிக்கெட் ஒரு மாதம் முன்பு அதே தேதியில் ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும், இந்திய நேரம் காலை 6.30. விமானத்துக்கோ பல மாதம் முன்பே விற்பனை தொடங்கி மலிவு சீட்டுகள் அதற்குள் தீர்ந்திருக்கும்.