டீமில் என்ன சைக்கிள் இருக்கிறதோ அதையே வாங்குங்கள்: மதுரையில் எம்டிபி ரேஸ் ஓட்டிய அனுபவம்

மதுரையில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் (எம்டிபி) ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிற தம்பிகள் முதலில் கேட்பது, "எந்த பைக் வாங்கலாம்ணே?" என்றுதான். யாரோடு சேர்ந்து ஓட்டப் போகிறீர்களோ அவர்களிடம் என்ன இருக்கிறதோ அதையே வாங்குங்கள் என்பேன். சக்கர அளவு, ஆக்சில், பிரேக் ஆயில், முடிந்தால் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சின்னத் துண்டு) வரைக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே ஹார்ட்டெயிலை, அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பைக்கை, சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அமெச்சூர் ரேஸ்களுக்கு அதைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்த அனுபவத்தில் இதை அடித்துச் சொல்ல முடியும்.

பைக் விவரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அலுமினிய ஃபிரேம், 29 இன்ச் சக்கரம், முன்னால் 100 எம்எம் ஏர் ஃபோர்க் (காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன்), பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. மிதிக்கும் இடத்தில் 32 பல்லில் ஒரே செயின்ரிங், பின்னால் 11 பல்லிலிருந்து 51 பல் வரை போகும் 11 ஸ்பீடு கேசட் (பல்சக்கர அடுக்கு), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். டியூப்லெஸ்ஸாக மாற்றிய செலவையும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. ஃபிரேமில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

எங்கள் டீம் சிறியது. புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பேங்கில் வேலை பார்க்கும் அக்கா, பல்கலை நகர்ப் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கும் தம்பிகள், டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் ஒருவர், அப்புறம் நான். ஸ்பான்சர் என்று யாரும் இல்லை. மாதச் சந்தா போட்டு ஒரு பொதுப்பெட்டி வைத்திருக்கிறோம். டயர் ஓட்டையை அடைக்கும் சீலண்ட், பிரேக் பேட், செயின், அதை இணைக்கும் குயிக் லிங்க், பிரேக் ஆயில் மாற்றும் பிளீட் கிட், ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் எல்லாம் அதற்குள் இருக்கும். சாவி அக்காவிடம். எடுத்தவர் நோட்டில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கீழக்குயில்குடியில் கூடுவோம். அங்கிருந்து வடிவேல்கரைப் பக்கம் வண்டிப்பாதை, நாகமலை அடிவாரத்தில் ஆடுகள் போட்டுவைத்த ஒத்தையடித் தடம், பிறகு கண்மாய்க் கரை. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து "இதுல என்ன மவுண்டன் இருக்கு?" என்று கேட்பதுண்டு. கண்மாய்க் கரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல், நடுவில் மாடு மிதித்துக் காய்ந்த குளம்புத்தடம். தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு வரும் இடத்தில் கல் படியில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். உடம்பைப் பின்னால் தள்ளி, சீட்டைத் தொடைக்கு நடுவில் விட்டுப் படி இறங்கும் பழக்கத்தை எங்கள் தம்பிகள் கலுங்கில்தான் படித்தார்கள். நீளமான ஏற்றத்துக்கு மாதம் ஒரு முறை சிறுமலை. அது தார்ச்சாலைதான், ஆனால் அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளும் காலுக்குக் கொடுக்கிற வேலையைச் சமவெளியில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

எங்கே ஓட்டக்கூடாது என்பதில் எங்கள் டீம் கறாராக இருக்கும். சமணர் மலையைச் சுற்றித்தான் வாராவாரம் போகிறோம், ஆனால் மலைப் பாறைமேல் டயர் பட்டதில்லை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருடத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டிக்கும் இதே விதிதான். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ராஜாளிகள் வாழும் பாறை. ஊர்ச்சாலையோடு திரும்பிவிடுவோம். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் இறங்காது. இதில் விட்டுக்கொடுக்கிற ஆளோடு நாங்கள் ஓட்டுவதில்லை.

இனி முள். மதுரையில் எம்டிபி ஓட்டுகிறவனுக்கு ஏற்றமும் இறக்கமும் இரண்டாவது கவலைதான். வேலிக்கருவை முள் டயரின் பக்கச்சுவரையே துளைக்கும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிய பிறகு கழித்த கொப்புகள் தடத்தின் மேலேயே கிடக்கும். நெருஞ்சி அதைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. டியூப் போட்டு ஓட்டிய ஆரம்ப காலத்தில் எங்கள் டீமில் பஞ்சர் ஒட்டாத ஞாயிறு இருந்ததில்லை. டியூப்லெஸ்ஸுக்கு எல்லாரும் மாறியது எங்கள் ஓட்டத்தையே மாற்றியது. பைக்கில் செலவழித்ததில் ஒவ்வொரு ரூபாய்க்கும் முழுப் பலன் கொடுத்தது இது ஒன்றுதான்.

இந்த ஊர் வெயிலுக்கு என்று சில விஷயங்கள் உண்டு. சீலண்ட் என்பது பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த திரவம். சூட்டில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். குளிர்ச்சியான ஊரில் ஆறு மாதம் தாங்குவது இங்கே சித்திரை வைகாசியில் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், தளும்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. 29 இன்ச் டயருக்கு 100 மில்லியாவது ஊற்றுகிறோம். தடத்தில் முள் ஏறினால் பிடுங்காதீர்கள். அது அப்படியே அடைத்துக்கொண்டு வீடுவரை வந்து சேரும். வீட்டில் பிடுங்கியவுடன் அந்த ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சீலண்ட் இறங்கி அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் ரப்பர் திரியைச் சொருகிப் பார்க்கலாம், அதுவும் நிற்கவில்லை என்றால் டியூப்தான். அதனால் டியூப்லெஸ் என்றாலும் முதுகுப் பையில் ஒரு டியூப் கட்டாயம் இருக்க வேண்டும். டியூபைத் திணிப்பதற்கு முன்னால் டயருக்குள் கைவிட்டுத் தடவிப் பழைய முள்ளை எல்லாம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அந்தப் புது டியூபும் போகும்.

டீமில் எல்லாருக்கும் ஒரே சாமான் என்று நான் சொல்வதன் அருமை ரேஸில்தான் புரியும். யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) விதிப்படி கிராஸ் கன்ட்ரி ரேஸில் வெளியாள் உதவி செய்வது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். தண்ணீர் கொடுப்பது, சக்கரம் மாற்றுவது எல்லாமே அங்கேதான். நடுக்காட்டில் வண்டி நின்றால் நீங்களே சரிசெய்ய வேண்டும், அல்லது அதே ரேஸில் ஓடும் உங்கள் டீம்காரர் உதவலாம். அவர் கொடுக்கும் சாமான் உங்கள் பைக்கில் பொருந்தாவிட்டால் அந்த உதவியால் என்ன பயன்?

ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்த ரேஸ். இரண்டாவது சுற்றில் எங்கள் தம்பி ஒருவனின் ரியர் டிரெய்லியர் (பின் கியர் மாற்றி) கல்லில் அடித்து ஹேங்கர் மடங்கிவிட்டது. கியர் மாற்றினால் ஆரத்தில் போய் மாட்டும் நிலை. பின்னால் வந்த லேத் அண்ணன் இறங்கிவிட்டார்.

"அண்ணே, நீங்க போங்கண்ணே. உங்க டைம் போயிரும்."

"போறது போகட்டும்டா. அஞ்சு எம்எம் ஆலன் கீ எடு மொதல்ல."

அவர் சட்டைப்பையில் இருந்த ஹேங்கர் அப்படியே பொருந்தியது. இரண்டு பேரும் ஒரே மாடல். பத்து நிமிடம் போயிருக்கும், ஆனால் இரண்டு பேரும் ரேஸை முடித்தார்கள். அதே நாளில் வேறு டீம்காரர் ஒருவர் இதே கோளாறோடு பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். அவர் டீமில் ஐந்து பேர், ஐந்தும் வேறு வேறு கம்பெனி ஃபிரேம்.

ஹேங்கர் பற்றி இன்னொன்று. அது மடங்குவதற்கென்றே மெலிதாகச் செய்த பாகம். அடி ஃபிரேமுக்குப் போகாமல் தான் வாங்கிக்கொள்ளும். கடையில் ஸ்டாக் இல்லாதபோது லேத் அண்ணன் அளவெடுத்து அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார். இரும்பில் செய்யச் சொன்ன தம்பியிடம் அவர், "ஹேங்கர் மடங்கலேன்னா ஃபிரேம் போயிரும், அப்புறம் ஃபிரேமை யாரு கடைவா?" என்று கேட்டார். இரும்பில் கடைந்து கொடுக்க யார் முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரேக்கிலும் இதே கதைதான். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பல பிரேக்குகளுக்கு டாட் 5.1 என்ற வேறு வகை ஆயில். ஒன்றை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போகும். எங்கள் பெட்டியில் மினரல் ஆயில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் புதிதாக வருகிறவர்களிடம் மினரல் ஆயில் பிரேக் உள்ள பைக்கையே வாங்கச் சொல்கிறோம். சக்கரத்தைக் கடன் கொடுக்க நினைத்தால் கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப்பையும் பார்க்க வேண்டும். 10 பல்லில் தொடங்கும் ஷிமானோ 12 ஸ்பீடு கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேண்டும், எங்கள் 11 ஸ்பீடு அதில் ஏறாது. புது மாடல் நல்லதாகவே இருக்கும், ஆனால் டீமில் ஒருவர் மட்டும் மாறினால் அவருக்கு ரேஸில் யாராலும் சக்கரம் கொடுக்க முடியாது. மாறுவதென்றால் எல்லாரும் சேர்ந்து மாறுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஃபோர்க்தான் இந்த ஊரில் சீக்கிரம் களைத்துப்போகும் பாகம். நாகமலை ஓரத்துச் செம்மண் தூசி மாவு போல நைசானது, சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து புது ஆயில் விடுகிறோம். ஆரம்பத்தில் வெளியூர் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு அனுப்பினேன், வாரக்கணக்கில் திரும்பி வரவில்லை, ரேஸும் முடிந்துபோனது. அதற்குப் பிறகு டீமாகச் சேர்ந்து சாமான் வாங்கி நாங்களே செய்யப் படித்துக்கொண்டோம். பட்டறையில் ஒரே நாளில் நான்கு ஃபோர்க் முடிந்துவிடும். டைல்ஸ் அண்ணன் கைதான் இதில் சுத்தம். ஒரு சொட்டு ஆயில் சிந்தாது.

செயினுக்கு ஈரமான எண்ணெய் (வெட் லூப்) வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டி அரைத்துவிடும். மெழுகு உருக்கி அதில் செயினை முக்கி எடுக்கிறோம். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் அடிக்கடி முக்க வேண்டும். தேய்மானம் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும்.

மழைக்காலத்தில் திருமங்கலம் தாண்டித் தெற்கே போகாதீர்கள். கரிசல் மண் டயரில் சுற்றி, ஃபோர்க் வளைவில் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். செம்மண் பக்கம் மழை விட்ட மறுநாள் ஓட்டம் அருமையாக இருக்கும். தூசி அடங்கி டயர் மண்ணைக் கவ்வும். வருடத்தில் எனக்குப் பிடித்த நாட்கள் அவைதான்.

பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் பைக் தேவையா என்று கேட்பவர்களுக்கு: மதுரைத் தடங்களுக்குத் தேவையில்லை. டீமில் ஒருவரிடம் இருக்கிறது. பின்பக்க பேரிங்குகளில் தூசி புகுந்து அவருக்கு ஓயாத செலவு. ஆனால் 2023 அக்டோபரில் கேரளாவின் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குத் தகுதி தரும் போட்டி. பார்க்கப் போயிருந்தோம். அந்த மாதிரித் தடத்தில், கல்லும் வேரும் விடாமல் வரும் இறக்கத்தில், பின் சஸ்பென்ஷன் எவ்வளவு வேகம் கொடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் தம்பிகளில் ஒருவன் அந்த அளவுக்குப் போக ஆசைப்படுகிறான். அவனுக்கு மட்டும் நான் வேறு பதில் சொல்வேன். அவன் இரண்டு வருடத்துக்குள் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறித்தான் ஆக வேண்டும். அதற்கான பணத்தை இப்போதே சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

சாப்பாட்டில் பெரிதாக ரகசியம் இல்லை. பயிற்சியில் கோவில்பட்டி கடலைமிட்டாயும் வாழைப்பழமும். ரேஸில் கடலைமிட்டாய் வேண்டாம், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கோடையில் எட்டு மணிக்கெல்லாம் நிழலுக்கு வந்துவிட வேண்டும். கம்மங்கூழ் ஓட்டம் முடிந்த பிறகு.

ரேஸ் முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் மேடை ஏறியது அக்கா மட்டும்தான், பெண்கள் பிரிவில் இரண்டாவது இடம். பேங்க் வேலை முடித்து வந்து ராத்திரி டிரெய்னரில் (வீட்டுக்குள் பைக்கை மாட்டி மிதிக்கும் ஸ்டாண்ட்) மிதிப்பவர் அவர். மற்றவர்கள் நடுவில் எங்கேயாவது முடிப்போம். கோளாறால் பாதியில் நின்றவர்கள் எங்கள் டீமில் இப்போதெல்லாம் அநேகமாக யாரும் இல்லை என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

என் பைக்கில் பின் ரிம் ஒரு இடத்தில் நெளிந்திருக்கிறது, இந்த சீசன் முடிந்ததும் மாற்ற வேண்டும். ஃபோர்க் இன்னும் ஒரு வருடம் வரும். புதிதாக ஓட்ட நினைப்பவர்கள் உடனே பைக் வாங்கிவிடாமல் முதலில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு டீமோடு போய் ஓட்டிப் பாருங்கள். மதுரைக்காரர்கள் எங்களோடு வரலாம். பட்டறையில் மீடியம் ஃபிரேம் ஒன்று சும்மாதான் நிற்கிறது, அதற்கு சீலண்டும் ஊற்றி வைத்திருக்கிறோம். ஹெல்மெட், முழுவிரல் கிளவுஸ், இரண்டு பாட்டில் தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள்.