போர்ட்ஃபோலியோவா, தேர்வுத்தாளா?

ஒரு மாணவி பின்னக் கணக்கை எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று தேர்வுத்தாள் காட்டாது; விடை சரியா தப்பா, அவ்வளவுதான். மாணவர் ஆண்டு முழுக்கச் செய்த வேலைகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ; அதில் ஆண்டுத் தொடக்கத்தில் அடித்துத் திருத்திய தாளும் கடைசியில் தெளிவாகப் போட்டதும் அடுத்தடுத்து இருக்கும். வகுப்பே ஒரே இடத்தில் இடறியிருந்தால், ஆசிரியர் தான் நடத்திய முறையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மாநிலம் முழுக்கப் போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பெண் போட இறங்கினால் சிக்கல். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் 4, 8ஆம் வகுப்புகளுக்கு எழுத்திலும் கணிதத்திலும் இதைக் கொண்டுவந்தது. ஒரே தொகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் பல நேரம் ஒத்துப்போகவில்லை. பள்ளிகளை ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் பொதுத்தேர்வே மேல். இருந்தாலும் அங்கே பல கணித ஆசிரியர்கள் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பெரிய லாபம். எந்தத் தேர்வுத்தாளும் அதைச் சுலபத்தில் தராது.