வெஸ்ட்கனெக்ஸ்: விமான நிலையம் வரை ஒரு சிக்னல்கூட இல்லை

போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கூப்பிட பென்டில் ஹில்லிலிருந்து சிட்னி விமான நிலையத்துக்குப் போனேன். சிட்னியின் மேற்குப் பக்கத்தை இணைக்கும் வெஸ்ட்கனெக்ஸ் கட்டணச் சாலைதான் வழி: எம்-4 நெடுஞ்சாலை, ஹோம்புஷில் சுரங்கப்பாதை, செயின்ட் பீட்டர்ஸில் வெளியே வந்து 2024-இல் திறந்த கேட்வே சாலை, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு ஒரு சிக்னலில்கூட பிரேக் போடவில்லை. பரமட்டா ரோட்டில் சிவப்பு விளக்குகளை எண்ணிக்கொண்டே போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் காரில் ஒட்டியிருக்கும் சாலைக் கட்டண டாக் 'பீப்' என்று கத்தும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எம்-4-இல் 2010-இல் நீக்கிய கட்டணத்தை, அகலப்படுத்திவிட்டோம் என்று 2017-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வருடாவருடம் 4 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இதில் எது அதிகமோ அது ஏறும், 2040 வரை! மேற்குப் புறநகரில் இருந்து தினமும் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? சொந்தக் கார் என்றால் சாலைக் கட்டணம் வாரம் 60 டாலருக்கு மேல் போவதை அரசு திருப்பித் தருகிறது, ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

வெஸ்ட்கனெக்ஸின் ரோசெல் சுரங்கச் சந்திப்பு தனிக்கதை. 2023 நவம்பரில் திறந்ததும் விக்டோரியா ரோடு அப்படியே நின்றுபோனது. மூன்று அடுக்குச் சுரங்கம் தோண்டியும் அந்த வழியாகச் சிட்டிக்குப் போகிற வண்டியெல்லாம் கடைசியில் ஆன்சாக் பாலத்தில்தானே வந்து முட்டுகிறது? அந்தப் பக்கம் புதிதாகப் போகிறீர்கள் என்றால் பலகையைப் பார்த்து முன்கூட்டியே லேன் பிடித்துவிடுங்கள்.

ஹேபர்ஃபீல்டில் வெஸ்ட்கனெக்ஸுக்காக இடித்த பழைய செங்கல் வீடுகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.