குடியிருந்தபடியே காட்டுவதா, காலி செய்துவிட்டா?

பழைய பிளாட்டை விற்கப் போகிறோம் என்றதும் தரகர் கேட்ட முதல் கேள்வி, "வீடு காலியா, ஆள் இருக்காங்களா?" நங்கநல்லூரில் இருந்த அம்மாவின் இரண்டு படுக்கையறை வீட்டை இரண்டு விதமாகவும் காட்டிப் பார்த்துவிட்டோம்.

வாங்க வருகிறவரின் கைக்கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும். மீதி 12 லட்சம் கைக்காசு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று இன்னொரு 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். சாவி கைக்கு வரும்போது அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. பாத்ரூமை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றினால் விலையை அடித்துக் கேட்பார், அல்லது திரும்பி வரவே மாட்டார்.

ஆள் இருக்கும் வீட்டில் உயிர் இருக்கும். 10-க்கு 10 அறையில் கட்டிலும் பீரோவும் போட்ட பிறகும் நடக்க இடம் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் பரண் முழுக்கப் பாத்திர மூட்டை, பால்கனி முழுக்கக் கொடித்துணி. அதைவிடப் பெரிய சிக்கல் வந்தவர்களின் கூச்சம். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குளியலறைக் கதவைக்கூடத் திறக்காமல், "சரிங்கம்மா, சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

காலி வீட்டில் அந்தக் கூச்சம் இல்லை, நிதானமாகப் பார்க்கிறார்கள். ஆனால் எல்லாமே தெரிந்துவிடும். பீரோ நின்ற இடத்தில் சுவர் வேறு நிறம், பூஜை அலமாரிக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, போர் தண்ணீரால் குழாயடியில் உப்புக்கறை. வெறும் அறை சிறியதாகவும் தெரியும். இன்னொன்று நாங்கள் எதிர்பார்க்காதது. சில வாரம் யாரும் புழங்காததால் குளியலறைத் தரைக் குழியில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிட்டது. வந்த குடும்பம் வாசலிலேயே மூக்கைப் பொத்தியது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே போதும், அது எங்களுக்குத் தெரியவில்லை.

வாடகைக்கு சோபா, கட்டில் எடுத்துப் போட்டு அலங்கரிப்பது மூன்றாவது வழி. விசாரித்தோம், முன்பணம், மாத வாடகை, ஏற்றி இறக்கும் கூலி. நீளமான, வடிவம் பிடிபடாத ஹால் உள்ள பெரிய வீட்டுக்கு அது உதவலாம். எங்களுடையது போன்ற வீட்டுக்கு அந்தப் பணத்தைக் குளியலறையில் போடுவதே சரி என்பேன். குழாய்களை மாற்றி, டைல்ஸ் இடுக்கில் புதிதாகப் பூசி, நல்ல வெளிச்சமான விளக்கு ஒன்று போட்டோம். சோபாவை நாம் திரும்பக் கொடுத்துவிடுவோம், குழாய் அவர்களுக்கே போகிறது.

எந்த வழியில் போனாலும் ஓதத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். மேல்வீட்டுக் கசிவை அடைக்காமல் பட்டி பார்த்து அடித்தால் அடுத்த மழைக்கே உப்பிக்கொண்டு வரும். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. சட்டம் கிடக்கட்டும், கடன் வாங்கிக் குடிவருகிற குடும்பத்திடம் குறையை மறைக்க நமக்கு மனம் வரக் கூடாது.

கடைசியில் நாங்கள் செய்தது பாதி காலி. அம்மா எங்களோடு வந்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு பீரோ, சாப்பாட்டு மேசை, அடுப்பு மட்டும் அங்கே. மின்விசிறிகளைத் துடைத்து, மின் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்து, சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருந்தோம். ஆடியில் பத்திரம் பதிய பலர் தயங்குவார்கள் என்பதால் அந்த மாதத்தைக் கசிவுக்கும் பெயின்டுக்கும் ஒதுக்கினோம். ஆவணி பிறந்ததும் தரகரிடம் சொன்னோம், "இப்ப கூட்டிட்டு வாங்க."