வாசல் வண்டும் மணல்மேட்டு வண்டும்

மலேசியாவின் நிபோங் திபாலில் அத்தை வீடு செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தை ஒட்டியது. மழை விட்ட ராத்திரிகளில் வாசல் விளக்கில் 'டொக்' என்று மோதி மல்லாந்து விழும், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு வண்டு. மூக்கில் கொம்பு, அடிவயிற்றில் செம்பழுப்பு மயிர். காண்டாமிருக வண்டுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்த எனக்குத் தோன்றியது நமீபியப் பாலைவனத்தின் ஓனிமாக்ரிஸ் என்ற வண்டு. அதுவும் கறுப்புத்தான், ஆனால் இதில் பாதி அளவுகூடத் தேறாது.

நம்முடையது தண்ணீருக்குக் கவலைப்பட்டதே இல்லை. முட்டை இடுவது ஈரத்தில் உளுத்த மரத்திலோ எருக்குழியிலோ. வளர்ந்ததும் தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். அந்தக் குருத்து பிறகு விரியும்போது மட்டை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போலிருக்கும். மறுநடவுக்குச் சாய்த்த மரங்கள் தோட்டத்தில் கிடந்து மட்கினால் அதற்குக் கல்யாண விருந்துதான்.

ஓனிமாக்ரிஸுக்கு மழையே அபூர்வம். அட்லாண்டிக் கடலிலிருந்து மூடுபனி வரும் நாட்களில் மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகி வாய்க்கு வழியும். 1976இல் வெளியான ஆய்வில் எடை போட்டுப் பார்த்தார்கள். சில வண்டுகள் தம் எடையில் 34 விழுக்காடு வரை குடித்திருந்தன. 60 கிலோ ஆள் ஒரே காலையில் 20 லிட்டர் குடித்த கணக்கு! (முதுகு மேடுபள்ளத்தில் நீர் பிடிக்கிறது என்று 2001இல் பிரபலமானது ஸ்டெனோகாரா என்ற இன்னொரு வண்டு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.)

பறப்பதில் நம்மவர் ஜெயிக்கிறார். ஓனிமாக்ரிஸின் மேல்சிறகுகள் ஒட்டிப்போனவை, பறக்காது. ஆனால் அந்த மூடியின் கீழுள்ள காற்றறை உடம்பின் ஈரத்தைக் காக்கிறது. பறப்பதை விற்றுத் தண்ணீர் வாங்கிய கதை.

அப்புறம், நம்மவருக்கு ஊரிலேயே எமன் இருந்தான். 1909இல் பசிபிக் தீவான சமோவாவுக்குக் கப்பலேறிப் போய்த் தென்னைகளை அழித்தது இந்த வண்டு. அதைக் கொல்லும் வைரஸை 1960களில் ஹூகர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது இதே மலேசியாவில். பிறகு அந்த வைரஸைச் சமோவாவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள்.

சாமர்த்தியத்துக்கு என் ஓட்டு ஓனிமாக்ரிஸுக்கே. அத்தைக்கு இந்த அலசலெல்லாம் வேண்டாம். விளக்கின் கீழே ஒரு வாளி சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறார்.